வாயை மூடி உள்ளே போனேன்

என்னை நானே தேடிக் கண்டுபிடிப்பது என்று ஒரு புதன்கிழமை காலை தீர்மானித்தேன். இப்படிப்பட்ட தீர்மானங்களை அறிவிக்க வேண்டிய இடம் சமையல்கட்டு. எங்கள் அரசாங்கம் அங்கேதான் நடக்கிறது.

"தையலு, நான் யாருன்னு எனக்கே தெரியல."

என் மனைவி தையல்நாயகி சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெய்வசிகாமணி. தகப்பன் பேரு சாமிக்கண்ணு. முத்தியால்பேட்டை. துணி மில்லுல பாவு ஓட்டுற வேலை. இப்ப அதுவும் இல்ல. வேற இன்னா தெரியணும்?"

"அது பேரு, ஊரு. நான் கேக்கறது உள்ள இருக்கற நானு."

"உள்ள இருக்கறது நேத்து துன்ன மரவள்ளிக் கெழங்கா இருக்கும். ஓமத்தண்ணி வெச்சித் தரவா?"

இப்படிப்பட்ட வீட்டில்தான் ஐயா, நான் ஆன்மாவைத் தேட வேண்டியிருந்தது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எண்பத்திரண்டாம் வருஷம் அது. நான் வேலை பார்த்த மில்லைப் பூட்டி மாதக்கணக்காகிவிட்டது. முதல் வாரம் லீவு மாதிரி இருந்தது. இரண்டாவது வாரம் ஜுரம் மாதிரி இருந்தது. அப்புறம் எது மாதிரியும் இல்லை. மில் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் தின்று, சங்கு ஊதினால் தூங்கிய உடம்பு. மில்லில் சங்கு ஊதுவதை நிறுத்தினார்கள், எனக்கு ஊதிவிட்டார்கள்.

தையல்நாயகி ஒரு நாள்கூட மூலையில் உட்காரவில்லை. பிரெஞ்சுக்காரன் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊரில் தனியாக இருக்கும் பென்ஷன்காரர்கள் சிலருக்கு மத்தியான சாப்பாடு ஆக்கி கேரியரில் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தாள். இப்போது வீட்டில் சங்கு ஊதுவது அவளுடைய குக்கர்தான். அது ஊதும்போதெல்லாம் என் நெஞ்சை யாரோ பிழிவது போலிருக்கும். பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார்கள்.

"அதத்தான் டாக்டர் நானும் சொல்றேன். நெஞ்சுல ஒண்ணுமே இல்ல" என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

இதற்கு நடுவில் இன்னொரு விவகாரம். எங்கள் மகள் வேம்பு பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். அவள் பள்ளிக்கூடத்து ஸ்டெல்லாமேரி சிஸ்டர் பெங்களூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். தங்கிப் படிக்க வேண்டும். வருஷக்கணக்கில். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். காரணம் சொல்லத் தெரியவில்லை, அதனால் மறுபடியும் வேண்டாம் என்றேன். எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் நான் சொல்லி நின்ற ஒரே சொல் அதுதான்.

வேம்பு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தையல்நாயகி சண்டை போட்டாள், பாத்திரத்தைப் போட்டாள், பிறகு திடீரென்று இரண்டையும் நிறுத்திவிட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அவள் சண்டையை நிறுத்தினால் ஊரைக் காலி செய்துகொண்டு ஓட வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அந்தப் புதன்கிழமை, மீன் அலம்பிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து தையல்நாயகி சொன்னாள்: "நெசமாவே உள்ள போயி பாக்கணும்னா, தனிஸ்லாஸ் முசியேகிட்ட போங்க. நான் கேரியர் குடுக்கறேனே, அவரு. மனசு ஒடஞ்சவங்களுக்கெல்லாம் என்னமோ சொல்லிக் குடுக்கறாரு. அதுக்குப் பேருகூட த்ரவாய்."

"துறவாயா? குடும்பத்த வுட்டுட்டா?"

"அவ்ளோ சந்தோஷப்படாதீங்க. த்ரவாய்னா பிரெஞ்சுல வேலையாம். உள்ளுக்குள்ள செய்யற வேல."

வெளியே இல்லாத வேலை உள்ளேயாவது கிடைக்கட்டும் என்று கிளம்பினேன்.

தனிஸ்லாஸை, ஐயா என்பதற்குப் பதில், ஊரில் முசியே என்பார்கள். சுய்ப்ரேன் வீதியில் மஞ்சள் சுவர் வீட்டில் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, அல்ஜீரியாவில் சண்டை போட்டு, பென்ஷனோடு திரும்பியவர். பிரெஞ்சு நாட்டில் மனைவி செத்ததும் படுத்த படுக்கையாகிவிட்டாராம். அப்போது அங்கே யாரோ கற்றுக்கொடுத்து எழுந்து உட்கார்ந்ததை இங்கே நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். காசு வாங்குவதில்லை. சாயங்காலம் கூடத்தில் பாய் விரித்திருக்கும். ரிட்டயர்டு தபால்காரர் ஒருவர், மகனோடு பேச்சுவார்த்தை இல்லாத ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், நூல் புடவை கட்டிய வெள்ளைக்கார அம்மா ஒருத்தி. அந்த அம்மா கண்ணை மூடுவதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிடுவாள். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

"கண்ண மூடு" என்றார் தனிஸ்லாஸ். "உள்ள ஒரு படிக்கட்டு. எறங்கு. மெதுவா. கீழ ஒரு கதவு. அதத் தொறந்தா ஒரு சின்னப் புள்ள ஒக்காந்திருக்கும். அந்த வயசுல அழ முடியாம அடக்கிக்கினு இருந்த புள்ள. அது நீதான். அதுகிட்ட பேசு."

இறங்கினேன். கதவு தெரிந்தது. என் ஆயுளில் முதல் முறையாக என்னை நானே சந்திக்கப் போகிறேன். திறந்தேன்.

துடைப்பத்தோடு தையல்நாயகி நின்றாள்.

"கால கழுவிக்கினு உள்ள வாங்க."

கண்ணைத் திறந்துவிட்டேன்.

"இன்னா பாத்தே?" என்றார் தனிஸ்லாஸ் ஆவலோடு.

"வீட்டுக்காரிய."

"நோ, நோ. இன்னும் கீழ போவணும்."

"அதுக்குக் கீழ போவ அவ வுடமாட்டா முசியே."

மறுநாள் போனேன். கதவுக்குப் பின்னால் அவள் மண்ணெண்ணெய் டின்னை நீட்டினாள். அடுத்த நாள், கதவே திறக்கவில்லை. உள்ளே இருந்து "யாரு?" என்று குரல் மட்டும் வந்தது. நான் யார் என்று தெரியாமல்தானே வந்திருக்கிறேன்? படியேறித் திரும்பி வந்தேன். தபால்காரர் அவருடைய பிள்ளைப் பருவத்தைக் கண்டுபிடித்துக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார். ஆயுள் முழுக்க விலாசம் தேடிப் பழகியவர், அவருக்குக் கிடைக்காமல் என்ன?

ஒரு வாரம் பார்த்துவிட்டு தனிஸ்லாஸ் என்னைத் தனியே அழைத்தார்.

"ஒனக்கு வாய்தான் தடை. உள்ள போறப்பவும் பேசிக்கினே போற. மௌனம் எடுத்துக்கோ. அமாவாசை வரைக்கும். பேசக்கூடாது, எழுதிக் காட்டவும் கூடாது."

வீட்டுக்கு வந்து அறிவித்தேன். "நாளைலேர்ந்து இந்த வூட்ல ஒருத்தர் பேசமாட்டாங்க."

"யாரு?"

"நான்தான்."

தையல்நாயகி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே சின்னப்பாப்பாவின் தலை தெரிந்தது. சின்னப்பாப்பா குருசுக்குப்பத்துக் கரையிலிருந்து கூடையில் மீன் வாங்கிவந்து விற்பவள். அவள் காதில் விழுந்தால் கடற்கரை முழுக்கத் தெரிந்துவிடும்.

"கேட்டியாடி சின்னப்பாப்பா? இவரு அமாவாச வரைக்கும் பேசமாட்டாராம்!"

"அடக்கடவுளே! ஒடம்புக்கு இன்னா?" என்றது தலை.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "முடியாதுன்னு நெனைக்கிறியா?"

"முடியாது. பந்தயம்னே வெச்சிக்கலாம். அமாவாச வரைக்கும் இருந்துட்டீங்கன்னா, அப்பறம் இந்த வூட்ல நீங்க சொல்றதுதான் சட்டம். நடுவுல வாயத் தொறந்தீங்க, நான் சொல்றதுதான். எல்லாத்துக்கும். சின்னப்பாப்பா சாட்சி."

கொஞ்சம் வாயை மூடியிருந்தால் ஆயுளுக்கும் வாயைத் திறக்கலாம். இதைவிடச் சுலபமான பந்தயம் உலகத்தில் உண்டா? கையடித்துக் கொடுத்தேன்.

முதல் நாள் காப்பியில் சர்க்கரை இல்லை. சொல்ல முடியவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. "நேத்து ஒண்ணும் சொல்லலியே, நல்லாருக்கு போலன்னு அப்பிடியே போட்டேன்" என்றாள். பால்காரர் வந்தார், சீட்டுக்காரர் வந்தார், கோயில் நன்கொடைக்கு ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் அவளிடம் பேசிவிட்டுப் போனார்கள். என் பேச்சு இல்லாமல் வீடு எந்த இடத்திலும் நிற்கவில்லை, திக்கவில்லை, எண்ணெய் போட்ட கதவு மாதிரி ஓடியது. நான் பேசிக்கொண்டிருந்த காலத்தில் என்னதான் பேசினேன் என்று யோசித்துப் பார்த்தேன். காப்பிக்குச் சர்க்கரை கேட்டதைத் தவிர எதுவும் நினைவுக்கு வரவில்லை.

இப்படி நான் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் இரண்டு குடை. ஒன்றின் கீழ் ஸ்டெல்லாமேரி சிஸ்டர். இன்னொன்றின் கீழ் தவளக்குப்பத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் என் மச்சான் கோவிந்தசாமி. பின்னாலேயே சின்னப்பாப்பா. வேம்பு எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, சிஸ்டர் வந்திருக்காங்க" என்றாள் தையல்நாயகி, சர்க்கரைப் பாகு மாதிரி.

சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நாளான்னிக்கு நானே பெங்களூருக்குப் போறேன். வேம்புவக் கூட்டிக்கிட்டுப் போயி சேத்துடலாம். ஆனா அப்பாவுக்கு இஷ்டமில்லன்னு கேள்விப்பட்டேன். அப்பா வேணாம்னா நான் வற்புறுத்தமாட்டேன்."

"அவரே இங்கதான இருக்காரு, நீங்களே கேட்டுக்கோங்க" என்றாள் தையல்நாயகி. என் பக்கம் திரும்பினாள். "வேணாம்னா வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. அப்பறம் யாரும் பேசமாட்டோம்."

வாயைத் திறந்தேன். சின்னப்பாப்பா ஓரடி முன்னால் வந்து என் உதட்டையே பார்த்தாள்.

வாயை மூடினேன்.

அப்போதுதான் ஐயா, எனக்கு உறைத்தது. பேசினால் பந்தயம் போச்சு, அப்புறம் அவள் சொல்வதுதான் சட்டம், பெண் பெங்களூர் போவாள். பேசாவிட்டால் மறுப்பு இல்லை, பெண் பெங்களூர் போவாள். வாயைத் திறந்தால் ஒரு கிணறு, மூடினால் அதே கிணறு.

தலையை இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்டினேன்.

"பாருங்க சிஸ்டர், தலைய ஆட்டிட்டாரு" என்றான் கோவிந்தசாமி.

"அது வேணாம்னு ஆட்டற மாதிரி இருக்கே?" என்றார் சிஸ்டர்.

"அவரு சந்தோஷம் தாங்காதப்ப அப்பிடித்தான் ஆட்டுவாரு" என்றாள் தையல்நாயகி. "எங்க கல்யாணத்துலயே அப்பிடித்தான் ஆட்டுனாரு."

கல்யாணத்தில் நான் ஆட்டியது உண்மை. அப்போதும் யாருக்கும் புரியவில்லை.

வேம்புவைக் காட்டினேன். தரையைக் காட்டினேன். அவள் இங்கேயே இருக்க வேண்டும் என்று அர்த்தம்.

"படிச்சிட்டு இங்கயே வந்துடணுமாம்" என்றாள் தையல்நாயகி. "வந்துடுவா, வந்துடுவா. பயப்படாதீங்க."

இரண்டு கைகளையும் எடுத்துக் கும்பிட்டேன். வேண்டாம், விட்டுவிடுங்கள், என்னால் தாங்க முடியாது என்று அர்த்தம்.

சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து அவரும் என்னைக் கும்பிட்டார். "எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு. ஒரு வார்த்த பேசாம எல்லாத்தையும் சொல்லிட்டீங்க."

வேம்பு ஓடி வந்து என் காலைத் தொட்டாள். பல நாளாகச் சுவரைப் பார்த்துக் கிடந்த முகம் என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்த முகத்துக்கு எந்த ஜாடையில் நான் மறுப்புச் சொல்வேன்?

மறுநாள் சாயங்காலம் தனிஸ்லாஸ் வீட்டுக்குத்தான் போனேன். பாயில் விழுந்தேன் என்றே சொல்லலாம். கண்ணை மூடினேன். படிக்கட்டில் அன்றைக்கு நான் இறங்கவில்லை, உருண்டேன். கதவு திறந்தே கிடந்தது. துடைப்பமும் இல்லை, டின்னும் இல்லை. மணல்தான் இருந்தது. கடல் இருந்தது. அந்தக் காலத்துக் கடல் பாலம், அதன் நுனியில் படகு, தூரத்தில் சைகோனுக்குப் போகிற கப்பல்.

மணலில் டிராயர் போட்ட ஒரு பையன் நின்றிருந்தான். படகில் அவன் அக்கா செல்வாம்பாள் உட்கார்ந்திருந்தாள். புதுப் புடவை, பக்கத்தில் புதுப் புருஷன். சைகோனில் உத்தியோகம் பார்க்கிறவன். எனக்கு அம்மா மாதிரி சோறு ஊட்டியவள் அவள். பையனுக்கு அவளைக் கூப்பிட வேண்டும். வாயைத் திறக்கிறான், சத்தம் வரவில்லை. அவள் இரண்டு மூன்று தரம் திரும்பிப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று பார்த்திருப்பாள். அதற்கப்புறம் சைகோனில் சண்டை வந்தது. அவளைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. இன்று வரைக்கும் இல்லை.

அந்தப் பையனிடம் பேசு என்று தனிஸ்லாஸ் சொல்லியிருந்தார். நானோ மௌன விரதம். அவனுக்கும் சத்தம் வரவில்லை, எனக்கும் பேச அனுமதி இல்லை. இரண்டு பேரும் மணலில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

குலுங்கிக் குலுங்கி அழுதேன். வெள்ளைக்கார அம்மா தன் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சே பியாங்! ரொம்ப நல்லது!" தனிஸ்லாஸ் முதுகைத் தட்டினார். "வந்துடுச்சி! பாரம் கொறஞ்சுதா?"

இல்லை என்று தலையாட்டினேன். அழுதால் பாரம் குறையும் என்று யார் சொன்னார்களோ, எனக்குக் கூடியிருந்தது. இதுவரை என்ன வலி என்று தெரியாமல் வலித்தது. இனிமேல் தெரிந்தே வலிக்கும். நாளைக்குப் பெண்ணும் போய்விடுவாள்.

"ஒன் மதாமுக்குத்தான் நன்றி சொல்லணும்" என்றார் அவர், பாயைச் சுருட்டிக்கொண்டே. "கேரியர் கொண்டாந்தப்ப அவங்கதான் சொன்னாங்க. 'முசியே, எங்க வூட்டுக்காரருக்கு மௌனம் குடுத்துப் பாருங்க, அமாவாச வரைக்கும் குடுங்க'ன்னு. எனக்கே தோணல பாரு!"

அழுகை பாதியில் நின்றுவிட்டது.

விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தேன். இன்றைக்கு ஒன்று நடந்தே தீரும். சமையல்கட்டு வாசலில் போய் நின்று மூச்சு வாங்கினேன். தையல்நாயகி வேம்புவுக்குப் புளிச்சாதம் கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"ஒங்கக்கா போனது கப்பல்ல" என்றாள் மெதுவாக. "இது பஸ்ஸு. திரும்பி வரும்."

செல்வாம்பாள் என்ற பெயரைக்கூட நான் இவளிடம் சொன்னதில்லை. என் அம்மா சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருஷமாக இவள் அதைத் தெரிந்து வைத்துக்கொண்டே காப்பி போட்டிருக்கிறாள். நான் படிக்கட்டு இறங்கி, கதவு திறந்து, வாரக்கணக்கில் பாடுபட்டுக் கண்டுபிடித்தது அடுப்படியில் கரண்டியோடு நின்றிருந்தது. கோபப்பட வந்தவன் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் பஸ் ஸ்டாண்டு. ஆனாலும் என் உள்ளே ஒரு மூலையில் இன்னும் ஒரு வீரன் மிச்சம் இருந்தான். வழியெல்லாம் அவன் ஒத்திகை பார்த்தான். பஸ் கிளம்புகிற சமயத்தில் ஒரே கத்து: 'எறங்கு கீழ! நீ போவக்கூடாது!' பந்தயம் போனால் போகட்டும். எப்படியும் தோற்றவன் வாயை மூடி யாருக்கு என்ன லாபம்?

சிஸ்டர் உள்ளே ஏறினார். கோவிந்தசாமி பெட்டியை மேலே போட்டான். வேம்பு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்க்கிறாள். கண்டக்டர் விசில் கொடுத்தான். பஸ் நகர்ந்தது. நான் கூடவே ஓடினேன். நெஞ்சில் இருந்ததை எல்லாம் திரட்டிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டாதம்மா!"

துருப்பிடித்த தகரம் மாதிரி ஒரு சத்தம். நான் சொல்ல நினைத்தது இது இல்லவே இல்லை. ஆனால் வந்தது இதுதான். இதற்குப் பின்னாலேயே இன்னும் வந்தது. "வேளைக்குச் சாப்புடு! குளுருக்குப் போத்திக்க! போயி சேந்ததும் தகவல் சொல்லு!"

"சொல்றேம்ப்பா!" என்றாள் வேம்பு. சிரித்தாளோ அழுதாளோ, புழுதியில் தெரியவில்லை. கையை வெளியே நீட்டித்தான் ஆட்டினாள்.

பஸ் போய்விட்டது. திரும்பிப் பார்த்தேன். தையல்நாயகி கம்பத்தில் சாய்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. இவளுக்குள்ளும் ஒரு படிக்கட்டு இருக்கிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அதில் எத்தனை நாள் தனியாக இறங்கி ஏறினாளோ.

என் மனசு இளகிவிட்டது. குரலும் திரும்பிவிட்டது. தனிஸ்லாஸிடம் கற்றதை எல்லாம் அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"தையலு, அழு. அடக்காத. உள்ள ஒரு கதவு இருக்கு. அதத் தொறந்து, சின்ன வயசுல நீ…"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். காலிப் பையை என் கையில் கொடுத்தாள். வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.

"கொஞ்ச நேரம் பேசாம வாங்களேன்."